நிக்காஹ் ஒப்பந்தத்தை நானே மொழிபெயர்க்கலாமா?

கேள்வி: அக்கா, என் நிக்காஹ் ஒப்பந்தம் அரபியில் இருக்கிறது. பிரிட்டனில் இருக்கும் கணவரிடம் போக விசாவுக்கு விண்ணப்பிக்கிறேன். ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்கிறார்கள். எனக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும். நானே மொழிபெயர்த்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் போதாதா?

பதில்: போதாது, சகோதரி. கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்பதற்குத்தான் நோட்டரி சாட்சி. மொழிபெயர்ப்பு சரியா என்று அவர் பார்ப்பதில்லை. விசா அதிகாரிகளோ, தாங்களே விசாரித்து உறுதி செய்துகொள்ளக்கூடிய மொழிபெயர்ப்பைக் கேட்கிறார்கள். இது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கனடா இன்னும் கண்டிப்பு: கணவன், மனைவி, உடன்பிறந்தவர் யார் செய்தாலும், அவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளராகவே இருந்தாலும், ஏற்காது.

விதி ஒருபக்கம் இருக்கட்டும். உங்கள் ஒப்பந்தத்தில் மஹர், அதாவது கணவர் உங்களுக்குத் தரவேண்டிய மணக்கொடை, எழுதியிருக்கும் வரியைப் பாருங்கள். ‘முஅஜ்ஜல்’ என்ற சொல் இருக்கலாம். அதை ‘ஐன்’ என்ற அரபி எழுத்தோடு எழுதினால் உடனே தரவேண்டிய மஹர். ‘ஹம்ஸா’ என்ற எழுத்தோடு எழுதினால் பிறகு தரவேண்டியது, அதாவது குறித்த தவணையிலோ, தலாக் அல்லது மரணத்தின்போதோ. காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் அப்படியே போட்டுவிட்டால் வித்தியாசமே தெரியாது. என் மேசைக்கு வரும் பழைய மொழிபெயர்ப்புகளில் இந்த வரியை வெறுமனே ‘மஹர்: இவ்வளவு’ என்று முடித்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. விசா அதிகாரி அதைக் கவனிக்காமல் போகலாம். ஆனால் நாளைக்கு ஏதாவது வழக்கு என்று வந்தால் நீதிபதி கையில் இருக்கப்போவது இதே தாள்தான். அந்தப் பணம் உங்கள் உரிமை.

அதனால் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள். தாளின் பின்பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முத்திரை, ஓரக்குறிப்பு, ‘வலி’ எனப்படும் மணமகளின் பொறுப்பாளர் பெயர், சாட்சிகள் பெயர் எதுவும் விடுபடக் கூடாது. படிக்க முடியாததை ‘தெளிவில்லை’ என்று குறிப்பதே நேர்மை. ஹிஜ்ரி தேதி இருந்தால் அதை அப்படியே வைத்து, பக்கத்தில் ஆங்கிலத் தேதியும் வர வேண்டும். பெயர்களுக்கு பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலைத் தந்துவிடுங்கள். அசலிலேயே பிழை இருந்தால் மொழிபெயர்ப்பாளரைத் திருத்தச் சொல்லாதீர்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்தவரிடம் போய் முதலில் அசலைத் திருத்துங்கள்.

அப்புறம் ஒன்று. திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படி அது செல்லுமா என்பதை மொழிபெயர்ப்பு தீர்மானிக்காது. அரசுப் பதிவுச் சான்றிதழ் இருந்தால் அதையும் கூடவே வையுங்கள்.

உங்களுக்கு அரபி தெரியும் என்பது நல்லதாகப் போயிற்று. இறுதிப் பிரதிக்குக் கையெழுத்தாகும் முன் வரைவைக் கேட்டு வாங்கி, மஹர் வரியை நீங்களே அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.