முதலில் சுகர் டெஸ்ட், அப்புறம் ஆபரேஷன்

கேள்வி: எனக்கு 38 வயது. ஒரு வருடமாக ஆணுறுப்பின் முன்தோல் இறுகிக்கொண்டே வருகிறது. பின்னுக்குத் தள்ளினால் விளிம்பில் கீறல் விழுந்து எரிகிறது. களிம்பு தடவினால் பத்து நாள் சரியாகிறது, பிறகு மறுபடியும் அதே கதை. டாக்டர் முன்தோலை நீக்கச் சொல்கிறார். மதச் சடங்காகச் செய்வதை எனக்கு ஏன் சொல்கிறார்? தாம்பத்தியம் பாதிக்குமா? என் நான்கு வயது மகனுக்கும் தோல் பின்னுக்குப் போவதில்லை. அவனுக்கும் சேர்த்தே செய்துவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு விவரத்தைத் தேடினேன், காணோம். ரத்தத்தில் சர்க்கரை பார்த்தீர்களா?

இத்தனை வருடம் ஒழுங்காக இருந்த தோல் 38 வயதில் இறுகுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரை நோயைத்தான். சிறுநீரில் சர்க்கரை இறங்கும். தோல் மடிப்புக்குள் ஈரமும் சூடும் எப்போதும் உண்டு. பூஞ்சைக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்குமா? தோல் சிவந்து வெடிக்கும், ஆறும்போது தழும்பாகிக் கொஞ்சம் சுருங்கும். சுருங்கிய தோல் அடுத்த முறை இன்னும் சுலபமாக வெடிக்கும். களிம்பு பத்து நாள் மட்டும் கேட்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல், 'கீழே எரிச்சல்' என்று வந்த இடத்தில் அதைக் கண்டுபிடித்துக்கொண்டு போனவர்கள் நிறைய. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்ளலாம். அப்படியென்றால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு ஆபரேஷனுக்கு நாள் குறியுங்கள். இல்லாவிட்டால் புண் ஆறாமல் இழுத்தடிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. விளிம்பு வெளுத்து, தடித்து, அட்டை மாதிரி விறைப்பாக இருந்தால் அது லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதனால், வெட்டிய தோலை பயாப்சிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மதம் பற்றிய சந்தேகத்துக்கு வருகிறேன். சுன்னத், விருத்தசேதனம், சர்கம்சிஷன் எல்லாம் ஒரே தோலை எடுப்பதுதான். உங்கள் டாக்டர் சொன்னது தழும்பாகிப்போன தோலுக்கான சிகிச்சை. ஸ்டீராய்டு களிம்பை முறையாகப் போட்டும் இளகாத தழும்புக்கு இதைவிட நிரந்தரமான தீர்வு இல்லை.

வலியைப் பற்றிப் பூசி மெழுக மாட்டேன். உறுப்பின் அடியில் போடும் மரத்துப்போகும் ஊசி சில நொடிகள் சுரீரென்று இருக்கும். அப்புறம் வெட்டுவதும் தைப்பதும் தெரியாது. அரை மணி, முக்கால் மணி நேர வேலை. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். தையல் நூல் இரண்டு மூன்று வாரத்தில் தானே கரைந்து உதிரும். யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: முதல் சில இரவுகளில் தூக்கத்தில் விறைப்பு வந்து தையலை இழுக்கும்போது திடுக்கென்று விழிப்பீர்கள். எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு நாலு எட்டு நடந்தால் அடங்கும். இதற்குப் பயந்துகொண்டு தையல் போச்சு என்று ஓடிவருபவர்கள் உண்டு. வீக்கம் சகஜம்தான். அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், சீழ், காய்ச்சல், சிறுநீர் அடைப்பு என்றால் மட்டும் உடனே போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

தாம்பத்தியத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் லீவு. இதுவரை தோலால் மூடியே இருந்த மொட்டு, அதாவது உறுப்பின் நுனி, சில நாள் உள்ளாடை பட்டாலே கூசும், பிறகு பழகிவிடும். முன்தோலிலும் உணர்வு நரம்புகள் உண்டு என்பதால், துளிகூட வித்தியாசமே இருக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் விறைப்போ ஆண்மையோ அந்தத் தோலில் இல்லை. ஒவ்வொரு முறையும் கீறலோடு முடிகிற உங்களுக்கு இது நிம்மதியாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

மகனை விட்டுவிடுங்கள். பிறக்கும்போது முன்தோல் மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும். வளர வளரத் தானே பிரியும். சிலருக்குப் பருவ வயது வரைகூட ஆகலாம். உங்கள் தோல் தழும்பால் இறுகியது, அவனுடையது இன்னும் பிரியவில்லை, அவ்வளவுதான். குளிப்பாட்டும்போது பலவந்தமாகத் தள்ளாதீர்கள். அப்படித் தள்ளித்தான் நல்ல தோலும் கிழிந்து தழும்பாகிறது. அடிக்கடி சிவந்து வீங்கினாலோ, சிறுநீர் போக முக்கினாலோ காட்டுங்கள். அப்போதும் பெரும்பாலும் சில வாரக் களிம்பிலேயே சரியாகிவிடும்.

ஆபரேஷன் ஆகும்வரை நீங்களும் தோலைப் பலவந்தப்படுத்தாதீர்கள். பின்னால் போன தோல் மொட்டுக்குக் கீழே வளையமாக மாட்டிக்கொண்டு திரும்பி வரவில்லையென்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.