வீடியோ கேம் என்றாலே செய்திகள் ஏன் அலறுகின்றன?

ஒரு புதிய பழக்கம் சமுதாயத்தையே கெடுத்துவிடும் என்று ஊடகமும் ஊரும் சேர்ந்து ஆதாரத்தை மிஞ்சி அஞ்சுவதை ‘ஒழுக்கப் பீதி’ என்பார்கள். வீடியோ கேம் செய்திகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். 1976இல் அமெரிக்காவில் ‘டெத் ரேஸ்’ என்ற விளையாட்டு வந்தபோதே கூச்சல் தொடங்கிவிட்டது.

காரணம், செய்தியின் இயல்பு. ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் இறாலும் நண்டுமாகக் கரை சேரும் நாளில் பத்திரிகையில் ஒரு வரி வராது. ஒரு படகு கவிழ்ந்தால் முதல் பக்கம். அதுபோல, பாம்பனில் கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் நிழலில் ஒற்றைக் கைபேசியைச் சுற்றி முண்டியடிக்கும் பையன்கள் செய்தியாக மாட்டார்கள். அவர்களில் ஒருவன் வீட்டை விட்டு ஓடினால், கைபேசியில் என்ன விளையாட்டு இருந்தது என்பதே தலைப்பாகிவிடும். அப்பாவின் கடனும் தேர்வில் தோற்றதும் கடைசிப் பத்தியில் வரும், அதுவும் இடமிருந்தால்.

பயம் முழுக்கப் பொய்யுமல்ல. கட்டுப்பாடு இழந்து விளையாடுவதை ஒரு கோளாறாக ஏற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. வன்முறை வேறு கதை. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறு தொடர்பு உண்டு, வன்செயலுக்கு விளையாட்டைக் காரணமாக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொல்லிவிட்டது.

வன்முறைக்காகத்தான் பப்ஜியைத் தடை செய்தார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். 2020 செப்டம்பரில் மத்திய அரசு சொன்ன காரணம் தரவுப் பாதுகாப்பும் நாட்டின் இறையாண்மையும்.