தே ஓ காய்ந்தது, கரும்புச்சாறு ஏன் காயவில்லை?

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். பள்ளியில் ஆவியாதல் பாடம் நடக்கிறது. தண்ணீர், தே ஓ கோசோங் (பாலும் சீனியும் சேர்க்காத தேநீர்), டின் பால் விட்ட தே, கரும்புச்சாறு என நான்கையும் நான்கு சாசர்களில் தலா நான்கு தேக்கரண்டி ஊற்றி, வெயில் படாத சன்னலோரம் வைத்தோம். தண்ணீரும் தே ஓவும் இரண்டு நாளில் காய்ந்துவிட்டன. பால் தேயில் ஆடை படிந்து, அடியில் கொழகொழவென்று நிற்கிறது. கரும்புச்சாறு ஒரு வாரமாகியும் பிசுபிசுக்கிறது. "சீனி தண்ணியப் போக விடாதாம்மா?" என்று கேட்கிறாள்.
– ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ஆமாம் என்றே சொல்லுங்கள், அம்மா. பிள்ளை சரியாகப் பிடித்துவிட்டாள்.

ஆனால் முதல் நாளில் சீனியின் பிடி மிகத் தளர்வு. 100 மில்லிக்கு 10 கிராம் சீனி கலந்த பானத்தில் ஒரு சீனி மூலக்கூறுக்கு ஏறக்குறைய 180 நீர் மூலக்கூறுகள் இருக்கும். அதனால் நீராவி அழுத்தம், அதாவது தண்ணீர் ஆவியாகி வெளியேறும் உந்துதல், அரை விழுக்காடு சொச்சம்தான் குறையும். பிரெஞ்சு வேதியியலாளர் ரௌல்ட் 1880களில் வகுத்த விதி இது. தே ஓ கோசோங்கில் கரைந்திருப்பது அதைவிடக் கொஞ்சம், ஆகவே அது தண்ணீரோடு சேர்ந்தே போய்விட்டது. வெயிலில் வைத்திருந்தால் அதன் கறுத்த நிறம் கூடுதல் வெப்பம் வாங்கியிருக்கும். நிழலில் வைத்தது நல்லது. பால் தேயில் சீனியோடு புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே மூடி போட்டுவிடுகின்றன.

கடைசி அரைக்கரண்டியில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீர் போகப் போகச் சாறு பாகாகிறது, சீனியின் பிடி இறுகுகிறது. இனிமேல் கரையாது என்னும் அளவுக்குச் சீனி சேர்ந்த பாகு, சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் சுமார் 84 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை விடாது, உள்ளே இழுக்கும். நம் ஊரில் மழையில்லாத நாளிலும் விடியும் முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல். பிற்பகலில்தான் 60 வரை இறங்கும். பகலில் விட்டதை அந்தச் சாசர் இரவில் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அப்பா சரபத் கடை (தேநீர்க் கடை) வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்ததும் மேசை துடைப்பது என் வேலை. சிந்திய தேயை உலர்ந்த துணியால் பளபளவென்று துடைத்துவிட்டுப் போவேன். மறுநாள் விடியற்காலை கடை திறந்தால் அதே இடத்தில் முழங்கை ஒட்டும். "ஈரத்துணி போட்டு ரெண்டு தடவ தொட, அப்பறம் காஞ்ச துணி" என்பார் அப்பா. கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய சீனிப்படலம் இரவில் ஈரம் குடித்திருந்தது என்பது, நான் ஆசிரியரான பிறகுதான் விளங்கியது.

கரும்புச்சாற்றுச் சாசரைக் கழுவிவிடாதீர்கள். எறும்பு வராமலிருக்கத் தண்ணீர்த் தட்டின் நடுவே கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைப்பது இங்கே வேண்டாம்; சாசரை உயரமான அலமாரியில் வையுங்கள். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் கணக்குக் கெடும். 0.1 கிராம் வரை காட்டும் தராசு கிடைத்தால், காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் ஐந்து நாள் எடை போட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளை எனக்கும் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.