ருஷ்ய இலக்கியமும் அறிவியலும்: கேள்வி பதில்

கே: எழுத்தாளர் செகாவ் நிஜமாகவே வைத்தியம் பார்த்தாரா, பேருக்கு டாக்டரா?

ப: பேருக்கு இல்லை. 1892-இல் காலரா பயம் வந்தபோது தான் குடியிருந்த மெலிகோவோவின் சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சம்பளம் வாங்காமல் கவனித்துக்கொண்டார். அதற்கு முன் 1890-இல், கைதிகளை நாடுகடத்தி வைத்திருந்த சகலின் தீவில் கைதிகளை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். ஆளுக்கொரு அட்டை, சுமார் 10,000 அட்டைகள். தன் உடம்பை மட்டும் கண்டுகொள்ளவில்லை. 1884-லிருந்து ரத்தம் துப்பியவர், முறையான பரிசோதனைக்குப் போனது 1897-இல்!

கே: துர்கனேவின் நாவல் நாயகன் பசாரோவ் தவளையை அறுத்துக்கொண்டே இருக்கிறான். அறிவியலைக் கிண்டல் பண்ணத்தானே 'தந்தையரும் தனயரும்'?

ப: எனக்கு அப்படித் தோன்றவில்லை. டைபஸ் காய்ச்சலில் செத்தவனின் உடலை அறுக்கும்போது விரலை வெட்டிக்கொள்கிறான். காயத்தைச் சுடும் மருந்து அங்கிருந்த வைத்தியரிடம் இல்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்பதற்குள் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. இனிப் பயனில்லை என்பது அவனுக்கே தெரியும். கிண்டல் பண்ணுகிறவர் நாயகனுக்கு இப்படியொரு சாவைக் கொடுப்பாரா?

கே: தஸ்தயேவ்ஸ்கி அறிவியலுக்கு எதிரிதானே?

ப: ராணுவப் பொறியியல் பள்ளியில் படித்தவர் அவர். யூக்ளிட்டின் வடிவியலை மீறி இணைகோடுகள் சந்திக்கலாம் என்ற பேச்சைக் கடவுள் விவாதத்துக்குள் அவருடைய 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலின் இவான் இழுத்து வருவது சும்மா இல்லை.

கே: இலக்கியத்தால் அறிவியலுக்கு ஏதாவது லாபம் உண்டா?

ப: இதற்குத்தான் காத்திருந்தேன். ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே பெரும் எண் விதி (நிறைய தடவை எண்ணினால் சராசரி நிலைபெறும் என்பது) பொருந்தும் என்று மாஸ்கோ கணிதர் நெக்ரசோவ் சொன்னார். மனிதச் செயல்களின் சராசரியும் நிலையாக இருப்பதால் அவை ஒன்றையொன்று சாராதவை என்று, மனிதனின் சுதந்திர விருப்பத்துக்கும் அதையே சான்றாக நீட்டினார். பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த கணிதர் மார்கோவுக்குப் பொறுக்கவில்லை. 1906-லேயே கணக்குப் போட்டு மறுத்துவிட்டார். 1913-இல் புஷ்கினின் கவிதை நாவல் 'யெவ்கேனி அனேகி'னை எடுத்து முதல் 20,000 எழுத்துகளைக் கையாலேயே எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. அதாவது எந்த எழுத்தும் உயிராக இருக்க வாய்ப்பு 43%. ஆனால் உயிருக்கு அடுத்து உயிர் வருவது 13% மட்டுமே, மெய்க்கு அடுத்து வருவது 66%. ஒன்றையொன்று சார்ந்திருந்தும் சராசரி நிலையாகவே நின்றது. இப்படி முந்தையதைப் பொறுத்து அடுத்தது அமையும் தொடர்தான் மார்கோவ் சங்கிலி. செல்போன் அடுத்த சொல்லை ஊகிக்கிறதே, அதற்கும் மூதாதை இதுவே.

மார்கோவ் சண்டைக்கோழி. டால்ஸ்டாயைத் திருச்சபை விலக்கியிருந்ததைச் சுட்டிக்காட்டி, 1912-இல் தன்னையும் விலக்கச் சொல்லி எழுதிப் போட்டவர்.

கே: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ப: செகாவின் 'ஆறாவது வார்டு' கதை. ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம்.