கரண்ட் போய் வந்த பிறகு டிஸ்க் சோதனை: கேள்வி பதில்

தாம்வே: அண்ணே, கரண்ட் போய் வந்ததிலிருந்து உபுண்டு கறுப்புத் திரையில் "இனிட்ராம்எஃப்எஸ்" என்று நிற்கிறது. டிஸ்க் போச்சா?

பெரும்பாலும் போயிருக்காது தம்பி. பூட்டின் ஆரம்பக் கட்டத்திலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். பூட் ஆகும்போது எஃப்எஸ்சிகே என்ற டிஸ்க் சோதனை நிரல் தானாக ஓடும். ஆனால் ஆபத்தில்லாத பழுதுகளை மட்டும்தான் அது கேட்காமல் சரிசெய்யும். மற்றது கண்ணில் பட்டால் 4 என்ற குறியீட்டோடு விலகி, "நீயே ஓட்டு" என்று விட்டுவிடும். "இனிட்ராம்எஃப்எஸ்" என்ற வரிக்கு மேலே உள்ள வரிகளில் பழுதான பார்ட்டிஷனின் (டிஸ்கின் பகுதி) பெயர் இருக்கும். /டெவ்/எஸ்டிஏ2 என்றால் "எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2" கொடுத்து (-ஒய் என்றால் எல்லாப் பழுதுக்கும் "சரிசெய்" என்று பதில்), முடிந்ததும் "எக்ஸிட்" அடியுங்கள்.

ஆனால் அதே திரையில் "ஐ/ஓ எரர்" (டிஸ்கைப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை) தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். சாகிற டிஸ்கில் -ஒய் ஓட்டினால் மிச்சமும் போகும். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலால் வேறு டிஸ்குக்கு நகல் எடுங்கள். பழுதுபார்ப்பை அந்த நகலில் வைத்துக்கொள்ளலாம். சரிசெய்த பின் காணாத கோப்புகளை அந்தப் பார்ட்டிஷனின் லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் தேடுங்கள். பெயர் இருக்காது, # போட்ட எண்தான் இருக்கும்.

இன்செயின்: ஒரு தடவை முழுசாகச் சோதிக்க வைப்பது எப்படி?

பூட் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் "இ" அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் எஃப்எஸ்சிகே.மோட்=ஃபோர்ஸ் சேருங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில், மவுண்ட் ஆன (பயன்பாட்டில் இணைந்திருக்கும்) பார்ட்டிஷன் மேல் எஃப்எஸ்சிகேவைக் கையால் ஓட்டவே கூடாது.

பெகு: என் டிஸ்கின் கோப்பமைப்பு எக்ஸ்எஃப்எஸ். பூட்டில் சோதனையே நடப்பதில்லையே?

நடக்காது. மவுண்ட் ஆகும்போதே லாகை (மாற்றங்களின் பதிவேடு) படித்துச் சரிசெய்துகொள்ளும். மவுண்டே ஆகாவிட்டால் எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் கட்டளையை ஓட்டுங்கள். அதன் -எல் லாகையே அழித்துவிடும்; வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

லாத்தா: இஎக்ஸ்டி4 கோப்பமைப்பில் ஜர்னல் (மாற்றங்களின் பதிவேடு) இருக்கும்போது இந்தச் சோதனை வீண். /ஹோமுக்கு எஃப்எஸ்டாப் (மவுண்ட் பட்டியல் கோப்பு) வரியின் ஆறாவது பத்தியை 0 ஆக்கிவிட்டேன், பூட் சீக்கிரம் ஆகிறது.

எவ்வளவு சீக்கிரம்? ஜர்னலை ஓட்டிவிட்டு, சூப்பர்பிளாக் (கோப்பமைப்பின் நிலையைக் குறித்து வைக்கும் இடம்) சுத்தம் என்றால் எஃப்எஸ்சிகே அதோடு நின்றுவிடும். சில நொடிதான். கோளாறு கண்ட கெர்னல் சூப்பர்பிளாக்கில் குறி வைக்கும். அதைப் பார்த்துத்தான் முழுச் சோதனை தொடங்கும். 0 போட்டால் அதைப் பார்க்க ஆளில்லை. 2 என்று மாற்றுங்கள், 1 ரூட்டுக்கு.

லாத்தா: அப்படியென்றால் நான் சேமித்த கோப்பு ஏன் 0 பைட்?

ஜர்னல் வழக்கமாகக் காப்பது கோப்பமைப்பை, உள்ளடக்கத்தை அல்ல. சேமித்ததும் தரவு சில நொடி மெமரியிலேயே காத்திருக்கும். அதற்குள் கரண்ட் போனால் எந்த எஃப்எஸ்சிகேவும் மீட்டுத் தராது. சின்ன யூபிஎஸ் வாங்குங்கள். ஜெனரேட்டர் மட்டும் போதாது, அது எடுப்பதற்குள் மெஷின் அணைந்துவிடும்.

மோல்மேன்: அண்ணே, கறுப்புத் திரை...

தாம்வே தம்பிக்குச் சொன்னதுதான். ஐ/ஓ எரர் வரியை முதலில் பாருங்கள்.

பசுண்டாங்: விண்டோஸ் டிரைவ் மவுண்ட் ஆகவில்லை.

விண்டோஸில் பூட் செய்து செக்டிஸ்க் ஓட்டுங்கள்.