மாநகராட்சி இடித்த கட்டடத்துக்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

கேள்வி: மும்பை செம்பூரில் 1960-களில் எங்கள் தந்தை கட்டிய மூன்று மாடிக் கட்டடம், எனக்கும் என் தம்பிக்கும் பொதுவானது. நான் கும்பகோணத்தில் வசிக்கிறேன். கட்டடம் ‘சி-1’ நிலையில் இருப்பதாக மாநகராட்சி எங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தது. வாடகைதாரர்கள் காலி செய்ய மறுத்துவிட்டதால் எங்களால் இடிக்க முடியவில்லை. பிறகு மாநகராட்சியே போலீஸ் துணையுடன் அவர்களை வெளியேற்றிக் கட்டடத்தை இடித்தது. இப்போது செலவுத் தொகையாக 9 லட்சம் ரூபாய் கேட்டு எங்கள் இருவருக்கும் நோட்டீஸ் வந்துள்ளது. தவறு வாடகைதாரர்களுடையது அல்லவா?

பதில்: உங்கள் மனக்குறை புரிகிறது. ஆனால், வாடகைதாரர்கள் காலி செய்யவில்லை என்பது மாநகராட்சிக்குச் சொல்லக்கூடிய பதில் ஆகாது. 1888-ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 354-வது பிரிவு, இடிந்து விழும் நிலையிலுள்ள கட்டடத்தை இடிக்கவோ பழுதுபார்க்கவோ உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ உத்தரவிட ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. அதை நிறைவேற்றாவிட்டால், 489-வது பிரிவின்படி மாநகராட்சியே வேலையைச் செய்து, யாருக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டதோ அவரிடம் செலவைக் கேட்கலாம். ‘சி-1’ என்றால் குடியிருக்கவே தகுதியற்றது, உடனே இடிக்க வேண்டியது என்று பொருள். 2013 செப்டம்பரில் மும்பை டாக்யார்டு ரோடு அருகே மாநகராட்சியின் சொந்தக் குடியிருப்பே இடிந்து 61 பேர் மாண்டதை நினைத்துப் பார்த்தால், மாநகராட்சி அவசரப்பட்டது என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நீங்கள் வாதாட வேண்டியது பொறுப்பைப் பற்றி அல்ல, தொகையைப் பற்றி. நீங்கள் அனுப்பிய நகலில் இடிப்புக் கூலி, இடிபாடு அகற்றியது, போலீஸ் பந்தோபஸ்து என்று மூன்றே வரிகள் உள்ளன. எத்தனை கன மீட்டர் இடித்தார்கள், எத்தனை லாரி மண் போனது, என்ன விகிதத்தில் கணக்கிட்டார்கள் என்பதற்கு ஓர் எண் கூட இல்லை. அதைவிட முக்கியமாக, வரவு என்று எதுவுமே காட்டப்படவில்லை. மூன்று மாடிக் கான்கிரீட் கட்டடத்தை உடைத்தால் கம்பி மட்டுமே டன் கணக்கில் கிடைக்கும். அதோடு கதவு, ஜன்னல் கிரில், தண்ணீர் மோட்டார் எல்லாம் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு விற்கக்கூடியவை. அவை உங்கள் உடைமை. ஒப்பந்தக்காரர் அவற்றை எடுத்துச் சென்றிருந்தால், அவற்றின் மதிப்பைச் செலவிலிருந்து கழிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. வார்டு அலுவலகத்துக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம், அளவுப் புத்தகம் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் பதிவேடு), பில் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். முதல் நோட்டீஸில் வாடகைதாரர்களின் பெயர்களும் இருந்தனவா என்று பாருங்கள். இருந்தால், குறைந்தபட்சம் பந்தோபஸ்துச் செலவையாவது அவர்கள் பங்கில் சேர்க்கும்படி வாதிட இடமுண்டு.

நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இத்தகைய செலவைச் சொத்து வரி பாக்கியைப் போலவே வசூலிக்க முடியும். மனையை விற்கவோ மறுகட்டுமானம் செய்யவோ போகும்போது இந்தப் பாக்கி குறுக்கே வந்து நிற்கும். தம்பி பங்கு தர மறுத்தால், முழுத் தொகையையும் நீங்களே கட்டிவிட்டு, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 69-வது பிரிவின்படி அவர் பங்கை அவரிடம் கேட்கலாம்.

கட்டடம் போனதோடு வாடகை உரிமையும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஷாஹா ரத்தன்ஷி கிம்ஜி வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம், கட்டடம் இடிக்கப்பட்டாலும் வாடகை உறவு முடிந்துவிடுவதில்லை என்று தீர்ப்பளித்திருக்கிறது. வாடகைதாரர்கள் உரிமையோடு திரும்பி வரக்கூடியவர்கள், அவர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். காலி செய்த அன்று அவர்கள் கைப்பேசியில் எடுத்த படங்கள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். எத்தனை கதவு, எத்தனை கிரில் அங்கே இருந்தன என்பதற்கு இப்போது அவைதான் சாட்சி.