ரொறன்ரோவில் பகல் ஒரு மணி, யாழ்ப்பாணத்தில் இரவு பத்தரை: விளையாட்டு அறிமுக விழாவில் இணைவது எப்படி?

கேள்வி: புதிய கணினி விளையாட்டு ஒன்றின் இணையவழி அறிமுக விழாவுக்குப் பதிவு செய்திருக்கிறேன். அழைப்பில் ‘வியாழன் காலை 10 மணி, பசிபிக் நேரம்’ என்று இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சானும் நானும் ஒன்றாகக் கலந்துகொள்ள ஆசைப்படுகிறோம். வீட்டில் ஃபைபர் இணைப்பு உண்டு. மின்சாரம் போனால் கைபேசி டேட்டாதான். எவ்வளவு டேட்டா தேவைப்படும்? விளையாட்டை முன்கூட்டியே வாங்க வேண்டுமா? – வாசகர், கோண்டாவில்

பதில்: அழைப்பை இன்னொரு முறை திறந்து, விழா எங்கே நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள். யூடியூப், ட்விட்ச் போன்ற தளத்தில் ஒளிபரப்பாகிறதா, அல்லது விளையாட்டுக்குள்ளேயே எல்லோரும் கூடுகிறார்களா? இரண்டையும் ஒரே பெயரில்தான் அறிவிக்கிறார்கள். ஆனால் ஆயத்தம் முற்றிலும் வேறு. ஒளிபரப்பு டேட்டாவைத் தின்னும், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். விளையாட்டுக்குள் நடக்கும் கூட்டத்துக்கு டேட்டா மிகக் குறைவாகவே போகும். தாமதத்தை மட்டும் அது பொறுக்காது. உங்கள் மற்றக் கேள்விகளில் பாதிக்கு இதிலேயே விடை இருக்கிறது.

ஒளிபரப்பு என்றால் கணக்கு எளிது. வினாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் காணொளி ஒரு மணி நேரம் ஓடினால் 450 மெகாபைட் செலவாகும். 1080 தரத்தில் நேரலை பார்க்க 5 அல்லது 6 மெகாபிட் வேண்டும். அதாவது மணிக்கு இரண்டரை கிகாபைட் அளவில். 480 தரத்துக்கு இறக்கினால் மணிக்கு அரை கிகாபைட் சொச்சத்தில் முடிந்துவிடும். கைபேசித் திரைக்கு 480 தாராளம். தரத்தைத் ‘தானியங்கி’யில் விட்டுவிடாதீர்கள், இணைப்பு நன்றாக இருக்கும் நேரம் பார்த்து அது மேலே ஏறி, டேட்டாவை முடித்துவிடும்.

விளையாட்டுக்குள் நடப்பதென்றால் விழா நேரத்துச் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலை வேண்டியது அதற்கு முந்திய நாட்களில்தான். பெரிய விளையாட்டுகளின் கோப்பு பல பத்து கிகாபைட் இருக்கும். விழாவை ஒட்டி வரும் புதுப்பிப்பும் பெரிதாக இருக்கலாம். முன்பதிவிறக்க வசதி தந்திருந்தால் கிடைத்த அன்றே தொடங்கிவிடுங்கள். உங்கள் பக்கேஜில் நள்ளிரவுக்குப் பிந்திய டேட்டா தனியாக இருந்தால் அதை இதற்கே ஒதுக்குங்கள். 2020 ஏப்ரலில் ஃபோர்ட்நைட் என்ற இணைய விளையாட்டுக்குள் நடந்த ராப் பாடகர் ட்ராவிஸ் ஸ்கொட்டின் இசை நிகழ்ச்சியின் முதற் காட்சியில் ஒரே நேரத்தில் 1.23 கோடிப் பேர் இருந்தார்கள். அப்படிப்பட்ட நெரிசலில் கடைசி நிமிடத்தில் நுழைய முயல்பவர் வாசலிலேயே நிற்க வேண்டிவரும். ஆகவே அரை மணி நேரம் முன்பே உள்ளே இருங்கள். அந்த நிகழ்ச்சியை மூன்று நாட்களில் ஐந்து முறை நடத்தினார்கள் என்பதையும் கவனியுங்கள்: உங்கள் விழாவுக்கும் மறுகாட்சி உண்டா என்று பார்த்து, நமக்கு வசதியான நேரத்தைத் தெரிவு செய்யலாம்.

சேவையகப் பகுதியை, அதாவது விளையாட்டை நடத்தும் கணினிகள் இருக்கும் இடத்தை, தெரிவு செய்யக் கேட்டால் சிங்கப்பூர், மும்பை இரண்டையும் போட்டுப் பார்த்து, ‘பிங்’ எண் (தாமதத்தைக் காட்டும் எண்) குறைவானதை வைத்துக்கொள்ளுங்கள். மச்சானோடு ஒரே அரங்கில் நிற்க வேண்டுமானால் இருவரும் ஒரே பகுதிக்குத்தான் போக வேண்டும். யாரோ ஒருவர் தாமதத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டிவரும். கணினியை வைஃபையில் விடாமல் கேபிளால் ரவுட்டரோடு இணையுங்கள். நம் ஊரின் பழைய வீடுகளில் தடித்த சுண்ணாம்புச் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் வைஃபை பாதியாகிவிடுகிறது.

மின்சாரம் போனால் ஃபைபர் இணைப்பும் செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கம்பிக்குள் வரும் ஒளி பெரும்பாலும் அப்படியே வந்துகொண்டிருக்கும். அணைந்தது உங்கள் வீட்டில் இருக்கும் ரவுட்டர் பெட்டிதான். அதைப் பற்றரியில் ஓட்டுவதற்கென்றே சிறிய மினி யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. வாங்கப் போகுமுன் பெட்டியின் அடப்டரைக் கழற்றி, அதில் அச்சிட்டிருக்கும் வோல்ட், அம்பியர் எண்களைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் என்றிருக்கும். ஆனால் வோல்ட் மாறினால் பெட்டி பழுதாகும், ஆகவே ஊகத்தில் வாங்காதீர்கள். மடிகணினி தன் பற்றரியில் ஓடும், பெட்டி யூபிஎஸ்ஸில் ஓடும், விழா தடைப்படாது. பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற விளக்கு சிவப்பாக மினுங்கினால் மட்டும் கோளாறு வெளியே, கம்பியில் இருக்கிறது. அப்போது தாமதிக்காமல் கைபேசிக்கு மாறுங்கள். முதல் நாள் அதே நேரத்தில் கைபேசி இணைப்பையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். காலை பத்து மணிக்கு ஓடும் வேகம் இரவு பத்து மணிக்கு ஓடாது.

இனி நேரம். 2006 ஏப்ரல் முதல் இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் நிற்கிறது, ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. அமெரிக்கா, கனடாவின் பெரும்பாலான பகுதிகள் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கின்றன. ஆகவே பசிபிக் நேரம் காலை 10 என்பது அந்த மாதங்களில் நமக்கு இரவு 10.30, மற்ற மாதங்களில் இரவு 11.30. எந்தக் காலமானாலும் மச்சானுக்கு அது பகல் ஒரு மணிதான். விழா அங்கே மாலையில் என்றால் நமக்கு நாளே மாறிவிடும்: டிசம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸில் வியாழன் மாலை 5 மணி என்பது யாழ்ப்பாணத்தில் வெள்ளி காலை 6.30. யூடியூப்பின் காத்திருப்புப் பக்கம் உங்கள் ஊர் நேரத்தையே காட்டும். நினைவூட்டலை அங்கேயே அழுத்திவிடுங்கள்.

மச்சானோடு சேர்ந்து பார்ப்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்று எனக்குப் படுகிறது. அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நேரலை இருவருக்கும் ஒரே நொடியில் வராது. இடைவெளி அரை நிமிடம்கூட ஆகலாம். தொலைபேசியில் அவர் கத்தும்போது உங்கள் திரையில் ஒன்றும் நடந்திருக்காது. டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலியில் அவர் தன் திரையைப் பகிர, நீங்கள் அதைப் பார்ப்பதே நல்ல வழி. இருவரும் ஏறக்குறைய ஒன்றாகப் பார்ப்பீர்கள். பதிவேற்றும் சுமையும் அவர் பக்கம் போய்விடும்.

இணைப்பை விளையாட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தோ ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்திலிருந்தோ மட்டும் திறவுங்கள். அறிமுக நாட்களில் பழைய காட்சிகளை ‘நேரலை’ என்று ஓட்டி, கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பணமோ கடவுச்சொல்லோ பறிக்கும் போலிச் சேனல்கள் முளைக்கின்றன. பார்ப்பதற்குப் பரிசு தரும் உண்மையான திட்டங்களும் உண்டு. அவை ட்விட்ச் கணக்கை விளையாட்டுக் கணக்கோடு இணைக்கச் சொல்லும், பணம் கேட்கமாட்டா.

வாங்குவதைப் பற்றி: ஒளிபரப்பைப் பார்க்க எதையும் வாங்கத் தேவையில்லை. விளையாட்டுக்குள் நடக்கும் விழாவாக இருந்து, அது கட்டண விளையாட்டாகவும் இருந்தால் மட்டுமே வாங்கியாக வேண்டும். அப்போதும் ஸ்டீமில் வாங்குவது பாதுகாப்பு. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விளையாட்டு வெளியாகுமுன்பே பணம் கட்டி முன்பதிவு செய்திருந்தால் வெளியாகும் வரை எப்போதும் கேட்கலாம், 14 நாள் கணக்கும் வெளியான நாளிலிருந்தே தொடங்கும்.